கணக்கு எங்கே?

பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐரோப்பாக் கண்டத்தின் படம் கரும்பலகைக்குப் பக்கத்திலே தொங்கிக்கொண்டிருந்தது. நெதர்லாந்து நாட்டைக் கோலால் தொட்டுக் காட்டினேன். நம் முன்னோர் ஒல்லாந்து என்று அழைத்த நாடு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக் கொடி பறக்கவிட்ட வணிகர்களின் நாடு. அந்த நாட்டின் நிலத்திலே ஏறக்குறையக் கால் பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. கரை எழுப்பிக் கடலைத் தடுத்து, அந்த மண்ணிலே பயிரிட்டு, வீடு கட்டி, பள்ளி நடத்தி மக்கள் வாழ்கிறார்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் வியந்தனர். கடைசி வரிசையிலே ஒரு சிறுவன் எழுந்தான். அவன் முகத்திலே வியப்பு இல்லை, ஐயம் இருந்தது.

"ஐயா, கரையைப் பலப்படுத்துகிறோம் என்று சொன்ன அரசாங்கம், செய்யாமல் இருந்துவிட்டால்?"

"மக்கள் கேட்பார்கள்" என்றேன்.

"கரை உடைந்த பிறகு கேட்பார்களா ஐயா, உடைவதற்கு முன்பே கேட்பார்களா?"

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினர். மணி அடித்ததால் நான் தப்பினேன் என்றே சொல்ல வேண்டும். வகுப்பறையிலிருந்து தப்பினேனே தவிர, அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. வீடு வரை வந்தது. விளக்கை அணைத்த பிறகும் உடனிருந்தது.

தேடிப் பார்த்தேன். அவன் கேட்ட கேள்விக்கு அந்த நாட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கக் கண்டேன். ஒன்றல்ல, இரண்டு விடைகள்! ஒன்றை 1953-ஆம் ஆண்டு கடல் எழுதிற்று. மற்றொன்றை 2019-ஆம் ஆண்டு நீதிமன்றம் எழுதிற்று. முன்னது கரை உடைந்த பிறகு கேட்ட கணக்கு. பின்னது உடையுமுன் கேட்ட கணக்கு.

முதல் விடையை முதலில் பார்ப்போம். யோகான் வான் வேன் என்று ஒரு பொறியாளர். அரசாங்கத்தின் நீர்த்துறையிலே பணியாற்றியவர். தென்மேற்குக் கரைகள் தாழ்வானவை, பெரும் புயல் ஒன்று வந்தால் தாங்கமாட்டா என்று 1930-களின் இறுதியிலிருந்தே அளந்து பார்த்துச் சொல்லிவந்தார். இடையிலே போர் வந்தது. போர் முடிந்ததும் இடிந்த நகரங்களைக் கட்ட வேண்டியிருந்தது. பணம் போதவில்லை என்றனர். கரை காத்திருக்கட்டும் என்றனர். கரை காத்திருந்தது. ஆனால் கடல் காத்திருக்கவில்லை. 1953 ஜனவரி 31 இரவு புயல் எழுந்தது. மறுநாள் விடிவதற்குள் கரைகள் பல இடங்களில் உடைந்தன. அந்நாட்டில் மாண்டோர் தொகை 1,836. அதற்குப் பிறகு? மூன்று வாரங்களுக்குள் ஆய்வுக் குழு அமைந்தது! பணம் இல்லை என்ற பேச்சு மறைந்தது! 1997 வரை நீண்டன பேரணைகள், பெருங்கதவுகள். பத்தாயிரம் ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய புயலையும் தாங்கும்படி முக்கியக் கரைகள் அமைய வேண்டும் என்று அளவு வகுத்தனர்.

பாராட்டத்தக்க பணி, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வான் வேன் சொன்ன அளவுகள் புயலுக்கு முன்பும் உண்மையே, பின்பும் உண்மையே. கரையின் உயரம் ஓரிரவிலே குறைந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்தது எது? பிணங்கள். அறிவு முன்பே இருந்தது. ஆட்சியாளரின் செவியை எட்ட 1,836 உயிர்கள் வேண்டியிருந்தன. அறிவு சொன்னபோது கேளாத அரசு, அழிவு சொன்னபோது கேட்டது.

இனி இரண்டாம் விடை. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து நாம் வெளிவிடும் கரியமிலவாயு வானிலே சேர்ந்து வெப்பத்தைப் போர்த்து வைக்கிறது. பனிப்பாறை உருகுகிறது, கடல்நீர் சூடேறி விரிகிறது, கடல்மட்டம் உயர்கிறது. இது கோள் பார்த்துச் சொன்ன ஆரூடமல்ல, கருவி கொண்டு அளந்த கணக்கு. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது 1958-ஆம் ஆண்டு முதல் அளந்துவருகிறார்கள். அன்று காற்றின் பத்து லட்சம் பங்கிலே 315 பங்கு அளவாக இருந்த கரியமிலவாயு, 2024-இல் 420-ஐத் தாண்டி நின்றது. தாழ்ந்த நிலத்திலே வாழும் நெதர்லாந்து மக்களுக்கு இந்த எண்ணின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

அவர்களுடைய அரசாங்கமும் அறிந்திருந்தது. 1990-ஆம் ஆண்டு வெளிவிட்ட அளவிலிருந்து 30 விழுக்காட்டை 2020-க்குள் குறைப்போம் என்று 2007-இல் குறி வைத்தது. தொழில்வளம் மிக்க நாடுகள் 25 முதல் 40 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்று அறிவியலாளர் கூறிய அளவை அரசே ஒப்புக்கொண்டிருந்தது. ஆட்சி மாறிற்று. 2011 அளவில், ஐரோப்பிய நாடுகள் கூட்டாகக் குறைக்க இசைந்த 20 விழுக்காட்டோடு நின்றுகொள்வோம் என்று குறியைத் தாழ்த்தினர். அறிவியல் மாறிவிட்டதா? இல்லை. கடல் தாழ்ந்துவிட்டதா? இல்லை. மாறியது அமைச்சரவை மட்டுமே.

2013-ஆம் ஆண்டு உர்கெண்டா என்னும் அமைப்பு, ஏறத்தாழ 900 குடிமக்களைச் சேர்த்துக்கொண்டு, தன் அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. 2015 ஜூன் 24-இல் ஹேக் நகர நீதிமன்றம், 2020 முடிவதற்குள் குறைந்தது 25 விழுக்காட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2018 அக்டோபரில் அங்கும் தோற்றது. உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. 2019 டிசம்பர் 20-இல் அங்கும் தோற்றது. மக்களின் உயிரையும் இல்வாழ்வையும் காப்பது அரசின் கடமை என்று ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை கூறுகிறது. தட்பவெப்ப மாறுதலின் கேட்டிலிருந்து காப்பதும் அக்கடமையிலே அடங்கும் என்றது உச்சநீதிமன்றம்.

இந்த வழக்கிலே அரசாங்கம் எடுத்துவைத்த வாதங்கள் எந்த நாட்டிலும் எந்த ஆளவந்தாரும் எடுத்துவைக்கக்கூடியவை. ஆகவே அவற்றை எடைபோட்டுப் பார்ப்பது நமது வேலை.

முதல் வாதம்: நாங்கள் சிறிய நாடு, உலகம் வெளிவிடும் வாயுவிலே எங்கள் பங்கு அரை விழுக்காடு அளவே, நாங்கள் குறைத்தால் என்ன, குறைக்காவிட்டால் என்ன?

பயணச்சீட்டு வாங்காமல் இரயிலேறியவன், பரிசோதகர் வந்து நின்றபோது, "என் ஒருவன் காசினாலா இந்த இரயில் ஓடுகிறது?" என்று கேட்டானாம். அவன் சொல்லியதும் உண்மைதான்! அவன் ஒருவன் காசினால் இரயில் ஓடவில்லை. ஆனால் ஏறிய அனைவரும் அவ்வாறே சொன்னால் இரயில் எங்கே ஓடும்? அரை விழுக்காடுக்காரர் இருநூறு பேர் சேர்ந்தால் நூறு விழுக்காடு. இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. என் பங்கு சிறிது என்பது, என் கடமையும் சிறிது என்பதற்குச் சான்றாகலாம்; எனக்குக் கடமையே இல்லை என்பதற்குச் சான்றாகாது. நீதிமன்றமும் இதையே கூறிற்று: ஒவ்வொரு நாடும் தன் பங்கைச் செய்தாக வேண்டும், பிறர் செய்யவில்லை என்பது காரணமாகாது.

இரண்டாம் வாதம் வலிமையானது. அதை எள்ளி நகையாடிவிட்டு நகர்வது நேர்மையாகாது. "மக்கள் தேர்ந்தெடுத்தது எங்களை. எவ்வளவு குறைப்பது, எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பவை பாராளுமன்றம் முடிவு செய்ய வேண்டியவை. யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதி, நாட்டின் கொள்கையை எப்படி வகுக்கலாம்?"

மக்களாட்சியை மதிப்பவர் இந்தக் கேள்வியின் முன் ஒரு கணம் நின்றே ஆக வேண்டும். நானும் நின்றேன். மக்களின் வாக்கே பெரிது என்று மேடைதோறும் முழங்குகிற நாம், நீதிபதியின் பேனாவுக்கு ஆட்சியை ஒப்படைத்துவிட முடியுமா?

ஆனால் நீதிமன்றம் செய்தது என்ன? எந்த ஆலையை மூடு, எந்த வரியைப் போடு என்று அது கூறவில்லை. வழியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், சேர வேண்டிய இடத்திற்கு வந்து சேருங்கள் என்றது. அரசு தானே ஒப்புக்கொண்ட அறிவியலை அரசுக்கு நினைவூட்டியது. அது ஆட்சியைப் பறிப்பதாகாது. கடன் வாங்கியவன் எழுதிக்கொடுத்த சீட்டை அவன் முன்னால் விரித்து வைப்பது, அவ்வளவே.

அதைவிட ஆழமான பதில் ஒன்று உண்டு. தேர்தலில் வாக்களிப்பவர் யார்? இன்று பதினெட்டு வயது நிரம்பியவர். வெள்ளத்தில் நிற்கப்போகிறவர் யார்? இன்று பள்ளியில் இருப்பவர், தொட்டிலில் இருப்பவர், இன்னும் பிறவாதவர். வாக்குப் பெட்டிக்குள் அவர்களுடைய சீட்டு ஒன்றுகூட விழுவதில்லை. எனவே, "அடுத்த தேர்தலில் மக்கள் கணக்குக் கேட்பார்கள்" என்ற பதில் மற்ற துறைகளிலே முழுப் பதிலாகலாம். இந்தத் துறையிலே அரைப் பதிலே. கொடுக்க வேண்டியவன் இன்று ஆள்கிறான். பெற வேண்டியவன் நாளை வருகிறான். இருவரும் ஒரே காலத்தில் ஒரே மன்றத்தில் சந்திப்பதே இல்லை. கடன்காரனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

"பிறவாதவனுக்கு உரிமை ஏது? இல்லாத ஒருவனுக்கு எப்படிக் கடன்பட முடியும்?" என்று பகுத்தறிவு பேசும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: ஊர்ப் பொதுக் கிணற்றிலே மெல்லக் கொல்லும் நஞ்சை ஒருவன் இன்று கலக்கிறான். ஐந்தாண்டு கழித்து அந்த நீரைக் குடித்து ஒரு குழந்தை இறக்கிறது. "நான் நஞ்சு கலந்தபோது அந்தக் குழந்தை பிறக்கவே இல்லையே!" என்று அவன் வாதாடினால் விடுதலை செய்வீரா? செய்யமாட்டோம். ஏன்? செயல் நடந்த நாளிலே குழந்தை இல்லை. ஆனால் செயலின் விளைவு வந்து சேர்ந்த நாளிலே இருந்தது. வானிலே விட்ட கரியமிலவாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்குகிறது. நாம் கலக்கும் கிணறு மிகப் பெரியது என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றுமில்லை.

ஜெர்மனி நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு இதே கருத்தை இன்னும் கூர்மையாக எடுத்துரைத்தது. இன்றைய தலைமுறை மெல்லக் குறைத்துக்கொண்டு சுகமாக இருந்துவிட்டு, 2030-க்குப் பிறகு வாழ்வோர் மீது சுமை முழுவதையும் ஏற்றினால், அவர்களுடைய சுதந்திரத்தை இன்றே செலவழித்துவிடுவதாகும் என்று கண்டு, அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி செல்லாது என்றது. சுதந்திரத்தைச் செலவழிப்பது! தந்தை சொத்தை விற்றால் மகன் ஏழையாவான். தந்தை காற்றை விற்றால் மகன் அடிமையாவான். வெப்பத்திற்கும் வெள்ளத்திற்கும் அஞ்சி ஒவ்வோர் அடியையும் எடுத்து வைக்க வேண்டிய வாழ்வை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

எனவேதான் சொல்கிறேன்: இன்னும் வாய் திறக்க முடியாதவர் சார்பிலே கணக்குக் கேட்கும் உரிமை, இன்று வாய் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. உரிமை மட்டுமல்ல, கடமை.

கணக்குக் கேட்பது தமிழனுக்குப் புதிதா? மதுரை மன்னனின் அவையிலே ஒற்றைச் சிலம்பை ஏந்தி நின்றாள் ஒரு பெண். அழுதுவிட்டுப் போக வரவில்லை அவள், சான்று கொண்டுவந்தாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். "இது அரசாங்கக் கொள்கை, வணிகன் மனைவிக்கு இதிலே என்ன பேச்சு?" என்று பாண்டியன் கேட்டதாக இளங்கோ எழுதவில்லை. சான்றைக் கண்டான், தவற்றை ஏற்றான். வாழ்வை இழந்த பிறகே அவள் வந்து கேட்க நேர்ந்தது. அதுதான் அந்தக் காப்பியத்தின் துயரம். இழப்பதற்கு முன்பே கேட்கும் வழியைத் தேடுவதுதான் நமது காலத்தின் பணி.

அந்த வழி எது? ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஓர் உண்மை: எந்த மாணவனும் தன் விடைத்தாளைத் தானே திருத்தக்கூடாது. நல்ல மாணவனாயினும் கூடாது. அரசுகளோ தாமே வினா எழுதி, தாமே விடை எழுதி, தாமே மதிப்பெண் இட்டுக்கொண்டு, தேர்வு நாளையும் ஐம்பதாண்டுக்குத் தள்ளி வைக்கின்றன. "2050-இல் பாருங்கள்" என்கிறார் ஒருவர். "2060" என்கிறார் மற்றொருவர். இம்மையிலே காணிக்கையை வாங்கிக்கொண்டு, பலன் மறுமையிலே கிட்டும் என்று சொன்னவர்களிடம், "போய்ப் பார்த்து வந்தவர் யார்?" என்று கேட்கக் கற்றவர்கள் நாம். அந்தக் கேள்வியை அமைச்சரிடமும் கேட்டிடத் தயங்குவானேன்?

பிரிட்டன் 2008-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. ஐந்தைந்து ஆண்டுக்கும் இவ்வளவுதான் வெளிவிடலாம் என்று வரம்பு கட்டியது; ஆட்சியைச் சாராத வல்லுநர் குழு ஒன்று ஆண்டுதோறும் அரசின் விடைத்தாளைத் திருத்திப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும், அரசு அதற்குப் பதில் கூற வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை வைத்தே மக்கள் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. அரசின் திட்டம் போதுமானதல்ல என்று 2022-லும், திருத்திய திட்டமும் சட்டப்படி செல்லாது என்று 2024-லும் தீர்ப்புப் பெற்றன. அந்தச் சட்டம் நிறைவேறியபோது ஆதரித்து வாக்களித்த பழமைக் கட்சி, 2025 அக்டோபரில், தாம் மீண்டும் ஆட்சிக்கு வந்தால் அதை நீக்கிவிடப்போவதாக அறிவித்தது. மதிப்பெண் குறையும்போது மாணவன் படிக்கலாம்; அல்லது தேர்வையே ஒழிக்கச் சொல்லலாம்!

தேர்வை வெளிப்படையாக ஒழிப்பதற்குக்கூடத் துணிவு வேண்டும். துணிவு இல்லாதவர் கையாளும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அதுதான் வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரியை அடிப்பது. சட்டம் ஏட்டிலே இருக்கும். அளவெடுக்கும் அதிகாரி இருக்கமாட்டார். குறிக்கோள் சுவரிலே தொங்கும்; அதை எட்டுவதற்கான பணம் வேறு துறைக்குப் போயிருக்கும். வாக்குறுதியை மறுத்தால் கூச்சல் எழும். நிதியைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்? ஓசையின்றி உடைக்கப்படும் வாக்குறுதிக்குச் செலவுக் குறைப்பு என்று பெயர்.

2010-இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தவர்கள் சிக்கனம் என்று சொல்லி வெள்ளத் தடுப்புச் செலவையும் குறைத்தனர். 2013-14 குளிர்காலத்தில் பெருமழை பெய்தது. சாமர்செட் சமவெளி வாரக்கணக்கில் நீரில் கிடந்தது. டாலிஷ் என்ற ஊரிலே கடலலை தாக்கி இரயில் பாதை அந்தரத்திலே தொங்கிற்று. 2014 பிப்ரவரியில் பிரதமர் டேவிட் காமரான், நிவாரணத்திற்குப் பணம் ஒரு பொருட்டல்ல என்று அறிவித்தார். வெள்ளத்திற்கு முன்பு பணமே பெரும் பொருட்டு; வெள்ளத்திற்குப் பின்பு பணம் ஒரு பொருட்டல்ல! குறைத்தபோது மிஞ்சியதை வரவு என்று எழுதினார்களே, மூழ்கிய வயலையும் வீட்டையும் எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? அந்தப் பக்கம் விவசாயியின் வீட்டில் இருக்கிறது. அமைச்சரின் ஏட்டில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2013 செப்டம்பரில் புதிய ஆட்சி, பதவியேற்ற நாளை அடுத்தே, தட்பவெப்ப நிலை குறித்து மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென முந்தைய அரசு அமைத்திருந்த ஆணையத்தைக் கலைத்தது. சிக்கனமே காரணம் என்றது. கலைக்கப்பட்ட அறிவியலாளர்கள் வீட்டிற்குப் போய்விடவில்லை. மக்களிடம் கையேந்தினர். பொதுமக்கள் சிறுசிறு தொகையாகக் கொடுத்த நன்கொடையைக் கொண்டு சில நாட்களிலேயே அதே பணியைத் தனி மன்றமாகத் தொடங்கினர். உண்மையைச் சொல்வதற்கு அரசாங்கச் சம்பளம் நின்றுபோனால், மக்கள் கொடுக்கும் கூலி போதும் என்று காட்டினர்.

இத்தனையும் கூறிவிட்டு ஒன்றைக் கூறாமல் விட்டால் நான் ஒருபக்கக் கணக்கு எழுதியவனாவேன். வாயுவைக் குறைப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது? பிரான்சு நாட்டிலே செல்வர் மீதிருந்த சொத்து வரியைப் பெருமளவு நீக்கிய அதே ஆட்சி, எரிபொருள் மீது வரியைக் கூட்டிற்று. 2018 நவம்பரில் மஞ்சள் மேலாடை அணிந்து மக்கள் தெருவில் இறங்கினர். சிற்றூரிலிருந்து பழைய காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குச் செல்பவன் அவன். வேறு வண்டிக்கு அவனுக்கு வழியில்லை. அந்த டிசம்பரிலேயே அடுத்த வரி உயர்வைக் கைவிட நேர்ந்தது. "மக்களுக்குச் சுற்றுச்சூழலில் அக்கறையில்லை" என்று சிலர் எழுதினர். அக்கறையில்லாதது சுற்றுச்சூழலிலா, அநீதியிலா? மாளிகையின் குளிர்ச்சிக்காகக் குடிசையின் விளக்கை அணைத்தால் குடிசை எதிர்க்கத்தான் செய்யும்; எதிர்க்கவும் வேண்டும். "எவ்வளவு குறைத்தாய்?" என்று கேட்பது பாதிக் கணக்கு. "எவன் தோளில் ஏற்றிக் குறைத்தாய்?" என்று கேட்பது மறுபாதி.

நெதர்லாந்தின் கதை எப்படி முடிந்தது? முடியவில்லை என்பதே உண்மை. தீர்ப்பின் அழுத்தத்திலே ஆம்ஸ்டர்டாம் நகரின் நிலக்கரி மின்நிலையம் 2019 முடிவில் மூடப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கு எடுத்தபோது குறைப்பு 25 விழுக்காட்டைச் சற்றே எட்டியிருந்தது. வெற்றி! ஆனால் அதிலே கொள்ளைநோயால் ஊர் அடங்கியதற்கும் குளிர் குறைவாக இருந்ததற்கும் பங்கு உண்டு. மறு ஆண்டு தொழில்கள் இயங்கத் தொடங்கியதும் வெளியீடு மீண்டும் சற்று ஏறிற்று. 2024-இல் அமைந்த புதிய ஆட்சி, நிலத்தையும் இயற்கையையும் மீட்கவும் உழவர் தொழில்முறை மாற்றத்திற்குத் துணைநிற்கவும் முந்தைய ஆட்சி ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 2,400 கோடி ஐரோ நிதியை நீக்க முடிவு செய்தது. தீர்ப்பு பெற்ற நாட்டிலேயே இந்த நிலை! ஆகவே, தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு உறங்கச் செல்வதற்கில்லை. கரைக்குக் காவல் ஒருநாள் வேலையல்ல. கணக்குக்குக் காவலும் அப்படியே.

ஆயினும் சோர்வடையவும் தேவையில்லை. அதே ஹேக் நகரிலே அனைத்துலக நீதிமன்றமும் இருக்கிறது. 2019-இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் கூடிப் பேசினர்: நம் தீவுகள் மூழ்குகின்றன, உலகின் உயர்ந்த நீதிமன்றத்தில் ஏன் கேட்கக்கூடாது? வனுவாட்டு என்ற சிறிய தீவு நாடு அக்கேள்வியைத் தோளில் சுமந்தது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை அதை ஏற்று நீதிமன்றத்திற்கு அனுப்பிற்று. 2025 ஜூலை 23-இல் நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தனர்: தட்பவெப்ப நிலையைக் கேட்டிலிருந்து காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது அனைத்துலகச் சட்டப்படி தவறான செயல். அது அறிவுரைக் கருத்துதான், ஆணையல்ல. ஆனால் வகுப்பறையிலே பிறந்த கேள்வி ஒன்று ஆறே ஆண்டுகளில் வல்லரசுகளின் முகத்திற்கு நேரே நின்றது என்பதை மறக்கலாமா?

நமது நாட்டு உச்சநீதிமன்றமும் 2024-ஆம் ஆண்டு, கானமயில் பறவையைக் காப்பது பற்றிய வழக்கிலே, தட்பவெப்ப மாறுதலின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளிலிருந்து எடுத்துக் காட்டிற்று. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டிலே இந்தியப் பிரதமர், 2070-க்குள் நாட்டின் நிகர வெளியீட்டைச் சூன்யமாக்குவோம் என்று உலகறிய அறிவித்தார். நாம் எரித்தது குறைவு, மேலை நாடுகள் எரித்தது மிகுதி. ஆகவே நமக்குக் காலம் வேண்டும் என்பதிலே நியாயம் உண்டு. ஆனால் 2070-இல் பதில் சொல்லப்போவது யார்? அறிவித்தவர் இருக்கமாட்டார், கைதட்டியவர் பலர் இருக்கமாட்டார்கள். என் வகுப்பிலே கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தச் சிறுவன் இருப்பான், அறுபதை நெருங்கியிருப்பான். அவனுக்குக் கொடுத்த வாக்குறுதி அது. அதனால்தான் அதன் இடைக்கணக்கை ஆண்டுதோறும் இன்றே கேட்டாக வேண்டும்.

தோழர்களே, எந்த அரசாயினும், எந்தக் கட்சியாயினும், நமக்கு வேண்டியதாயினும் வேண்டாததாயினும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு குறைப்பாய்? எந்த ஆண்டுக்குள்? எந்தப் பணத்தைக் கொண்டு? யார் தோளில் ஏற்றி? உன்னைச் சாராமல் உன் கணக்கைச் சரிபார்ப்பவர் யார்? ஐந்தில் ஒன்றுக்கு விடையில்லையென்றாலும் அது வாக்குறுதியல்ல, வாய்ப்பேச்சு. வேண்டிய கட்சி ஆளும்போது இந்தக் கேள்விகளை மடித்து வைத்துவிட்டு, வேண்டாத கட்சி வந்ததும் விரித்துப் படிப்பவன் கணக்குக் கேட்பவனல்ல, கட்சிக்குக் கொடிபிடிப்பவன்.

மறுவாரம் அந்தச் சிறுவனை அழைத்தேன். "உடைவதற்கு முன்பே கேட்க வேண்டும், தம்பி. கேட்டிருக்கிறார்கள், கேட்டு வென்றும் இருக்கிறார்கள்" என்று சொல்லி, நெதர்லாந்தின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். மகிழ்ந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைத் தொடுத்தான்.

"நம்முடைய கணக்கு எங்கே ஐயா இருக்கிறது?"

இம்முறை மணி அடிக்கவில்லை. "சேர்ந்து தேடுவோம்" என்றேன். தேடத் தொடங்கியிருக்கிறோம்.